இந்த ஜனவரியில் எடை குறைக்க நினைக்கிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

டிசம்பர் கடைசி வாரம் வந்துவிட்டால் எடை பற்றிய கேள்விகள் குவியத் தொடங்கிவிடும். கேட்கிறவர்கள் பெரும்பாலும் ஓர் எண்ணைச் சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள்: "பத்து கிலோ குறைக்கணும்." அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, தினமும் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதிலிருந்து ஆரம்பியுங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாமே அதைச் சுற்றித்தான் வரும்.

நான் எடை குறைக்க வேண்டுமா இல்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு அளவுகள் போதும். ஒன்று பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு ஏற்ற எடை இருக்கிறதா என்று காட்டும் எண். எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். உலக அளவில் 25-க்கு மேல் அதிக எடை, 30-க்கு மேல் உடல் பருமன் என்பார்கள். இந்தியர்களுக்கு அந்தக் கோடு கீழே வருகிறது: 23-இலேயே அதிக எடை, 25-இல் உடல் பருமன். 160 செ.மீ. உயரமுள்ளவர் என்றால் 59 கிலோவில் முதல் கோடு, 64 கிலோவில் இரண்டாவது கோடு.

இரண்டாவது அளவு இடுப்புச் சுற்றளவு. என்னைக் கேட்டால் இதுதான் முக்கியம். தையல் டேப் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே, மூச்சை விட்ட நிலையில், வயிற்றை எக்காமல் அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் கவனிக்க வேண்டும். கை கால் மெலிந்து, வயிறு மட்டும் முன்னால் வந்திருப்பவர்களை நம் ஊரில் தெருவுக்கு நாலு பேர் பார்க்கலாம். எடை மெஷினில் அவர்கள் சரியாகத்தான் இருப்பார்கள், ஆனால் சர்க்கரையும் கொழுப்பும் ஏறியிருக்கும். அதிக எடையும் அரிய விஷயம் இல்லை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதமும் ஆண்களில் 37 சதவீதமும் பி.எம்.ஐ. 25 அல்லது அதற்கு மேல் இருந்தார்கள்.

எத்தனை கிலோ குறைக்கலாம்?

இப்போதுள்ள எடையில் 5 முதல் 10 சதவீதம். 80 கிலோ இருப்பவருக்கு 4 முதல் 8 கிலோ. இந்த அளவுக்கே ரத்த அழுத்தம், சர்க்கரை, கல்லீரல் கொழுப்பு எல்லாம் இறங்கத் தொடங்கும். வாரத்துக்கு அரை கிலோ என்பது நல்ல வேகம். ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. "பத்தே நாளில் பத்து கிலோ" என்று விளம்பரம் செய்கிறவர்களிடம், அந்த 77,000 கலோரி பத்து நாளில் எங்கே போகும் என்று கேளுங்கள்.

ஜனவரி 1-இல் ஆரம்பிப்பது நல்லதா? எனக்கு ஒவ்வொரு வருஷமும் பொங்கலோடு முடிந்துவிடுகிறது.

பலருக்கும் அப்படித்தான், அதற்குக் காரணமும் இருக்கிறது. ஜனவரி 1 நமக்கு மார்கழி நடுவில் வருகிறது. காலையில் கோவிலுக்குப் போனால் தொன்னையில் சூடாக வெண்பொங்கலோ சர்க்கரைப் பொங்கலோ கிடைக்கும். ஜனவரி 11 வாக்கில் கூடாரவல்லி, அதற்கு நெய் மிதக்கும் அக்காரவடிசல். 14 அல்லது 15-இல் பொங்கல், மறுநாள் மாட்டுப் பொங்கல், அதற்கடுத்த நாள் காணும் பொங்கலுக்குக் கட்டுச்சோறும் கறியும். ஊருக்குப் போய்த் திரும்புவதற்குள் ஒரு வாரம் ஓடிவிடும். "ஒரு வருஷம் இனிப்பே தொடமாட்டேன்" என்று முதல் தேதி சொன்னவர், இரண்டாவது வாரமே அதை உடைத்தாக வேண்டிய காலண்டர் இது. உங்கள் மன உறுதிக்கு இதில் பங்கு குறைவு. தீர்மானம் போட்டபோது யாரும் காலண்டரைப் பார்க்கவில்லை.

அதனால் பொங்கலைத் தீர்மானத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள். "போகி தொடங்கி நாலு நாளும் வீட்டில் செய்வதைச் சாப்பிடுவேன். நடையை மட்டும் விடமாட்டேன்." இப்படி முன்கூட்டியே சொல்லிக்கொண்டவருக்கு, சர்க்கரைப் பொங்கல் சாப்பிட்டதும் "எல்லாம் போச்சு" என்ற எண்ணம் வராது. இன்னொரு வழியும் உண்டு. ஜனவரி முதல் இரண்டு வாரம் வெறுமனே கவனியுங்கள், சாப்பிடுவதைக் குறித்து வையுங்கள், இடுப்பை அளந்து வையுங்கள். பொங்கல் முடிந்து ஊரிலிருந்து வந்த பிறகு வேலையை ஆரம்பியுங்கள். சித்திரை 1-இல் தொடங்கினாலும் சரிதான், ஆனால் அப்போது வெயில் ஏறிவிடும், நடை கஷ்டமாகும். தை, மாசி மாதங்களின் காலை நேரம்போல் நடக்க இதமான பொழுது தமிழ்நாட்டில் வருஷத்துக்கு அதிகம் வாய்க்காது.

தீர்மானத்தை எப்படி எழுதினால் நிலைக்கும்?

விடுவதாக எழுதாமல், செய்வதாக எழுதுங்கள். சுவீடனில் 2017-ஆம் ஆண்டுக்காகப் புத்தாண்டுத் தீர்மானம் எடுத்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரு வருஷம் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு செய்தார்கள். "இதைச் செய்வேன்" என்ற வகையில் தீர்மானம் எடுத்தவர்களில் 59 சதவீதம் பேர், வருஷக் கடைசியில் தாங்கள் வெற்றி பெற்றதாகச் சொன்னார்கள். "இதை விட்டுவிடுவேன்" என்றவர்களில் அது 47 சதவீதம். அவரவர் வாயால் சொன்னதுதான் என்றாலும், வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிறது.

அப்புறம், எப்போது, எங்கே, எது என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். "உடற்பயிற்சி செய்வேன்" என்பதில் ஒன்றுமே இல்லை. "காலையில் பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றிவிட்டு, வீட்டுக்குள் வராமல் அப்படியே அரை மணி நேரம் நடப்பேன்" என்பதில் எல்லாம் இருக்கிறது. "எண்ணெய்ப் பலகாரம் சாப்பிடமாட்டேன்" என்பதற்குப் பதில், "ஆபீசில் நாலு மணி டீக்கு, வீட்டிலிருந்து எடுத்துப்போன சுண்டலைச் சாப்பிடுவேன்". பஜ்ஜிக்குப் போகிற கைக்கு வேறொன்று வேண்டும். கை வெறுமனே இருந்தால் பஜ்ஜிதான் வரும்.

இரண்டு போதும். மிஞ்சிப்போனால் மூன்று. ஒரே நாளில் சோறு, சர்க்கரை, காபி, இரவுச் சாப்பாடு எல்லாவற்றையும் மாற்றுகிறவர்கள் பத்து நாள் தாண்டுவது கடினம்.

சோற்றை விட்டுவிட வேண்டுமா?

வேண்டாம். ஆனால் சோற்றின் அளவைப் பற்றி நாம் மனம்விட்டுப் பேசித்தான் ஆக வேண்டும்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நாடு முழுக்க நடத்திய பெரிய ஆய்வில், இந்தியர்களின் உணவில் சுமார் 62 சதவீதக் கலோரி மாவுச்சத்திலிருந்து வருகிறது என்று தெரிந்தது. நம் மதியச் சாப்பாட்டை யோசித்துப் பாருங்கள். முதலில் சாம்பார் சோறு, அடுத்து ரசச் சோறு, கடைசியில் மோர்ச் சோறு, தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு. நாலுமே மாவுச்சத்துதான். சாம்பாரில் பருப்பு இருக்கிறதே என்பார்கள். ஆறு பேருக்கு ஒரு டம்ளர் பருப்பு போட்ட சாம்பாரில் ஆளுக்கு வருவது கொஞ்சம்தான்.

நான் சொல்கிற வழி, தட்டில் போடும் வரிசையை மாற்றுவது. சோற்றைக் குவித்துவிட்டு ஓரத்தில் பொரியல் வைப்பதுதான் வழக்கம். அதைத் திருப்பிப் போடுங்கள். வெறும் தட்டில் முதலில் காயை வையுங்கள், தட்டில் பாதி. அவரைக்காயோ கோஸோ கீரைக் கூட்டோ, இருப்பது எதுவானாலும் சரி. அடுத்து கால் பங்கில் கெட்டிப் பருப்பு, சுண்டல், முட்டை, மீன், கோழி இதில் ஒன்று. மிச்சமிருக்கும் கால் பங்கில்தான் சோறு. அந்தச் சோற்றை மூன்றாகப் பிரித்து சாம்பார், ரசம், மோர் என்று மூன்றும் சாப்பிடுங்கள், ருசிக்குக் குறை வைக்க வேண்டியதில்லை. இதில் கஷ்டம் ஒன்று உண்டு. தட்டில் பாதி காய் என்றால் இப்போது வாங்குவதைப்போல இரண்டு மடங்கு காய் வாங்கி நறுக்க வேண்டும். நேரமும் காசும் அதில்தான் போகும். நறுக்கும் வேலையை வீட்டில் இன்னொருவரும் பகிர்ந்துகொள்ளாவிட்டால் இது ஒரு மாதத்தில் நின்றுவிடும்.

இரவில் சப்பாத்தி, காலையில் கம்பு, ராகி என்று மாறினால்?

சமைக்காத நிலையில் அரிசி, கோதுமை, கம்பு, கேழ்வரகு எல்லாமே 100 கிராமுக்கு 320 முதல் 360 கலோரிதான். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், பசி தாங்கும், அது நல்லது. ஆனால் நாலு சப்பாத்தியும் தேங்காய் அரைத்த குருமாவும் சாப்பிட்டுவிட்டு "நைட் டிபன்தான்" என்று நினைத்தால் கணக்கு இடிக்கும்.

எண்ணெயை எப்படி அளப்பது? தாளிக்கும்போது அளந்து ஊற்றவா முடியும்?

தாளிக்கும்போது அளக்க வேண்டாம், மளிகை வாங்கும்போது அளங்கள். நாலு பேர் உள்ள வீட்டில் மாதம் நாலு லிட்டர் என்றால், ஆளுக்குத் தினமும் 33 மில்லி, அதாவது சுமார் 270 கலோரி எண்ணெயில் மட்டும். வெளியில் சாப்பிடும் வடையும் பரோட்டாவும் இதில் சேர்த்தி இல்லை. இந்த மாதம் மூன்று லிட்டர் மட்டும் வாங்குங்கள். மூன்றாவது பாக்கெட்டைப் பிரிக்கும்போது தேதியைப் பாருங்கள், 20-க்கு முன்னால் பிரித்தால் கை கொஞ்சம் தாராளம் என்று அர்த்தம். நெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், ரீஃபைண்ட் எல்லாவற்றிலும் கிராமுக்கு 9 கலோரிதான், செக்கில் ஆட்டியதானாலும்.

டீ, காபியில் சர்க்கரை?

ஒரு தலைதட்டிய டீஸ்பூன் சுமார் 4 கிராம். டம்ளருக்கு இரண்டு ஸ்பூன், நாளுக்கு மூன்று டம்ளர் என்றால் 24 கிராம். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளுக்கு 25 கிராமுக்குள் நிறுத்துவது நல்லது என்கிறது. ஆக, டீயிலேயே அது முடிந்துவிட்டது. வாரத்துக்கு அரை ஸ்பூனாகக் குறைத்துக்கொண்டே வந்தால் நாக்கு பழகிக்கொள்ளும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் என்று மாற்றினாலும் எடைக் கணக்கில் பெரிய வித்தியாசம் கிடையாது.

கொள்ளு, வெந்நீரில் தேன் எலுமிச்சை, எடை குறைக்கும் பவுடர்?

"இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியில் விஷயம் இருக்கிறது. கொள்ளில் 100 கிராமுக்கு 20 கிராமுக்கு மேல் புரதம், நார்ச்சத்தும் அதிகம். கொள்ளு ரசமாக மட்டும் குடித்தால் போதாது. சுண்டலாகவோ துவையலாகவோ, சோற்றில் ஒரு பங்கைக் குறைத்துவிட்டு அந்த இடத்தில் சாப்பிட வேண்டும்.

தேன் எலுமிச்சை கொழுப்பைக் கரைக்காது. பவுடர்கள் பற்றி என் கருத்து கறாரானது: டப்பாவில் என்ன இருக்கிறது என்று உங்கள் டாக்டரிடம் காட்ட முடியாததை வாங்காதீர்கள். ஒருவேளைச் சாப்பாட்டுக்குப் பதில் குடிப்பதால்தான் எடை குறைகிறது. நிறுத்தியதும் அந்தச் சாப்பாடு திரும்ப வரும்.

எடை குறைக்கும் ஊசி போட்டுக்கொள்ளலாமா?

இப்போது பலரும் கேட்கும் ஊசிகளில் மவுன்ஜாரோ 2025 மார்ச்சிலும், வீகோவி அதே ஆண்டு ஜூனிலும் இந்தியாவுக்கு வந்தன. நல்ல மருந்துகள், உண்மையிலேயே வேலை செய்கின்றன. வீகோவியில் உள்ள செமாக்ளூட்டைடு மருந்தை 68 வாரம் எடுத்துக்கொண்டவர்களுக்குச் சராசரியாக 15 சதவீதம் எடை குறைந்தது. மருந்தை நிறுத்திய ஒரு வருஷத்தில், குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. உடல் பருமனால் நோய் வந்து அவதிப்படுகிறவர்களுக்கு டாக்டர் கண்காணிப்பில் கொடுக்க வேண்டியவை இவை. கல்யாணத்துக்கு முன்னால் நாலு கிலோ குறைக்க நண்பர் சொன்னார் என்று வாங்கிப் போட்டுக்கொள்வது தவறு.

எவ்வளவு நடக்க வேண்டும்? ஜிம் அவசியமா?

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம், அதாவது ஐந்து நாள் அரை மணி. பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது, அந்த வேகம். தமிழக அரசு 2023-இல் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதைகளை அடையாளம் காட்டியது. அது பக்கத்தில் இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் மொட்டை மாடியும் போதும்.

நடை மட்டும் எடையைப் பெரிதாகக் குறைக்காது. அரை மணி நடையில் செலவாகும் கலோரி ஓரிரண்டு மெதுவடையிலேயே திரும்பிவிடும். நடந்து முடித்து நேரே டிபன் கடைக்குப் போகும் நண்பர் குழுவில் இருப்பவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் நடையை விடாதீர்கள், குறைந்த எடை திரும்ப ஏறாமல் காப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு. வாரம் இரண்டு நாள் தசைக்கு வேலை கொடுங்கள்: நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, தண்ணீர் பாட்டில் தூக்குவது. ஜிம் பிடித்திருந்தால் போங்கள். ஜனவரித் தள்ளுபடிக்காக ஒரு வருஷக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டாமல், மாதாமாதம் கட்டுங்கள்.

வீட்டில் எல்லோருக்கும் நான்தான் சமைக்கிறேன். எனக்கு மட்டும் தனியாகச் செய்துகொள்ள முடியவில்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்வி பெண்களிடமிருந்துதான் வருகிறது, மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக வருகிறது. தனியாக ஓட்ஸ் கஞ்சி வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்குப் பூரி சுட்டுப் போடுவது நடக்காத காரியம். அப்படி ஒரு தீர்மானத்தை உங்கள் தலையில் யாராவது கட்டினால் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

வீட்டுச் சமையலையே கொஞ்சம் நகர்த்தலாம். வாரத்தில் மூன்று நாள் போடும் வறுவலை ஒரு நாளாக்கி, மற்ற நாளில் பொரியல். பூரி மாதத்துக்கு ஒருமுறை. அப்பளத்தைச் சுட்டுப் போடுவது. இதனால் பிள்ளைகளுக்கோ மாமியாருக்கோ எந்த நஷ்டமும் இல்லை.

அடுத்தது மிச்சம். பிள்ளை தட்டில் விட்ட அரை தோசை, சட்டியில் ஒட்டியிருக்கும் ஒரு பிடி சோறு, "வீணாப் போகுதே" என்று நின்றுகொண்டே வாயில் போடுவது. இதை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாளுக்கு மூன்று நாலு தடவை நடந்தால் அதுவே ஒருவேளைச் சாப்பாடு. பிள்ளைக்கு முதலில் பாதி தோசை போடுங்கள், கேட்டால் மறுபாதி. இரவுச் சோறு மிஞ்சினால் தண்ணீர் ஊற்றி வையுங்கள், காலையில் எல்லோருக்கும் பழைய சோறு. எல்லோரும் சாப்பிட்ட பிறகு பத்து மணிக்குத் தனியாக உட்காராமல், அவர்களோடு சேர்ந்து எட்டு மணிக்கே சாப்பிடுங்கள். இது வீட்டில் உள்ள மற்றவர்களும் செய்து தர வேண்டிய உதவி. தட்டை அவர்களே கழுவி வைத்தால், நீங்கள் நடக்கும் அரை மணி நேரம் கிடைத்துவிடும்.

விருந்துக்குப் போனால் விடமாட்டேன் என்கிறார்கள்.

"டயட்டில் இருக்கிறேன்" என்று சொன்னால் பந்தியில் விவாதம் ஆரம்பமாகிவிடும். "அப்புறம் வாங்கிக்கிறேன் அக்கா" என்று சொல்லி இலைமேல் கையைக் குறுக்கே வைத்தால் போதும். பாயசம் வேண்டும் என்றால் பாயசத்தை ரசித்துக் குடியுங்கள், இரண்டாவது சோற்றை விடுங்கள்.

எடை மெஷினில் எப்போது ஏறுவது?

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலைக்கடன் முடித்து, சாப்பிடும் முன். தண்ணீர், உப்பு, மாதவிடாய் எல்லாம் எடையை ஒரு கிலோவுக்குமேல் ஏற்றி இறக்கும். முதல் வாரம் சட்டென்று இறங்குவதில் பெரும்பகுதி தண்ணீர்தான். அடுத்த வாரம் மெஷின் நகரவில்லை என்று மனம் உடைய வேண்டாம். இடுப்பளவை மாதம் ஒருமுறை எடுங்கள்.

இடையில் ஒரு வாரம் விட்டுப்போனது. மறுபடி முதலிலிருந்தா?

விட்ட இடத்திலிருந்து, அடுத்த வேளைச் சாப்பாட்டிலேயே. லண்டனில் ஒரு பல்கலைக்கழக ஆய்வில், ஒரு செயல் பழக்கமாகப் பதிய நடுவான கணக்கு 66 நாள் என்று தெரிந்தது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணித்தார்கள். நடுவில் ஒருநாள் விட்டது பழக்கம் உருவாவதைக் கெடுக்கவில்லை. ஒரு வாரம் விட்டால் திரும்பப் பிடிக்கக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கும், அவ்வளவுதான். 21 நாளில் பழக்கமாகிவிடும் என்று பரவலாகச் சொல்வதை நம்பி, 22-ஆம் நாளும் அலுப்பாக இருக்கிறதே என்று விட்டவர்கள் பலர்.

எல்லாம் செய்தும் எடை குறையவே இல்லை. இத்தனை பாடும் வீணா?

இல்லவே இல்லை. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. சர்க்கரை நோய் வரும் நிலையில் இருந்த 531 பேரை எடுத்து, ஒரு பகுதியினரை நடக்கவும் உணவை மாற்றவும் வைத்தார்கள். மூன்று வருஷத்தில் அவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. அவர்கள் எடை குறிப்பிடும்படி குறையவில்லை. எடை மெஷின் அசையாதபோதும் உடம்புக்குள் நல்லது நடந்திருக்கிறது. அதனால்தான் தீர்மானத்தில் கிலோவை எழுதாமல் நடையையும் தட்டையும் எழுதச் சொல்கிறேன்.

அதே சமயம், மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை என்றால் தைராய்டு பரிசோதனை செய்துகொள்ளுங்கள். மாதவிடாய் ஒழுங்கில்லாத பெண்கள் பி.சி.ஓ.எஸ். என்ற சினைப்பை, ஹார்மோன் கோளாறு பற்றி டாக்டரிடம் கேளுங்கள். தூக்கத்தில் பலமாகக் குறட்டை வந்து மூச்சு தடைபட்டால் அதையும் சொல்லுங்கள்.

டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கக்கூடாதவர்கள் யார்?

இன்சுலின் போடுகிறவர்கள், கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்கள். சாப்பாட்டைச் சட்டென்று குறைத்தால் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வரலாம், மருந்தின் அளவை முதலில் மாற்ற வேண்டியிருக்கும். கர்ப்பிணிகள் எடை குறைக்க முயலவே கூடாது. பாலூட்டும் தாய்மார்களும் வளரும் பிள்ளைகளும் பட்டினி கிடக்கக் கூடாது. இதய நோய், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், நடந்தால் நெஞ்சு இறுக்கம் வருகிறவர்களும் முதலில் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே பார்ப்பார்கள். வெறும் வயிற்றில் போய், அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்கும்போது ஒப்பிடத் தேவைப்படும்.